மாஸ்டர் படுத்த அறை

ஓய்வுபெற்ற தாதிமாரை இடைக்கிடை கூப்பிட்டு, புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முன்னால் இருத்தி, ஒரு மாலையும் ஒரு சோடாவும் தந்து பேசவிடுவது இந்த ஆஸ்பத்திரியின் நல்ல வழக்கங்களில் ஒன்று. எனக்குத் தந்த தலைப்பு ‘என் பணியில் நான் கண்ட வெற்றிகள்.’ எனக்கு முன்னால் பேசிய இரண்டு பேரும் அந்தத் தலைப்புக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அவர்கள் சொன்னதைக் கேட்டால், வடமராட்சியில் இதுவரை ஒருவரும் நோய் வருத்தம் வந்து செத்ததில்லை என்றுதான் நினைக்க வேண்டும். ஆகவே வெற்றிகளை அவர்களிடமே விட்டுவிட்டு, நான் ஒரு மனிதரைக் கிட்டத்தட்டக் கொன்ற கதையைச் சொல்கிறேன். மாலை வேண்டுமென்றால் பிறகு திருப்பித் தந்துவிடுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்தவள். கடைசிப் பன்னிரண்டு வருடமும் நெஞ்சுநோய்க் கிளினிக்கில். மருந்து கொடுப்பது, ஊதவைத்து அளவெடுப்பது எல்லாம் உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். எனக்குப் பேர் வாங்கித் தந்தது அவையல்ல, என்னுடைய புத்திமதி. துண்டு வெட்டி, வாட்டிலிருந்து விடுபட்டு வீட்டுக்குப் போகிற நோயாளியையும் கூட வந்தவரையும் நீட்டு மர வாங்கில் இருத்திவைத்துப் பத்து நிமிடம் மூச்சு விடாமல் சொல்வேன். மூச்சு விடவே கஷ்டப்படுகிற ஆட்களுக்கு முன்னால் அப்படிச் செய்வது அவ்வளவு அழகில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அப்படி வாங்கில் இருந்தவர்களில் ஒருவர்தான் மாஸ்டர். கரவெட்டியில் வீடு. நெல்லியடியில் இரண்டு ரியூட்டரிகளில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தார். வயது ஐம்பத்தேழு. கடைசி வாங்கில் தூங்குகிற பிள்ளையையும் எழுப்பிவிடுகிற குரல் அவருக்கு. இளவயதில் காசநோய் வந்து, மருந்து முழுவதும் குடித்துச் சுகமாகியிருந்தார். ஆனால் சுவாசப்பையில் அதன் தழும்பு இருந்தது. அதற்கு மேல் மூச்சு இழுக்கிற முட்டு வருத்தம். அதற்கும் மேல் சீனி வருத்தம். இவ்வளவும் போதாதென்று அந்த வருடம் மாரிக்கு முன்னால் கடுமையான நியூமோனியா வந்து எங்கள் வாட்டில் மூன்று கிழமை கிடந்தார். பிழைத்ததே பெரிய காரியம். இனி மெல்ல மெல்லத் தேறிவர மாதக்கணக்கு ஆகும் என்று எங்கள் நெஞ்சுநோய் நிபுணர் சொல்லியிருந்தார். அவரை நாங்கள் பெரிய டொக்ரர் என்போம். அதிகம் கதைக்காத மனுசி.

வீட்டுக்கு விடும் நாளில் மாஸ்டரும் மனைவியும் என் வாங்கில் இருந்தார்கள். அவர்களின் வீட்டுக்கு முன்னால் வீதி அகலிக்கிறார்கள், நாள் முழுக்கப் புழுதி என்றார் மனைவி. விடுவேனா? யன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்துங்கோ, இடுக்குகளைக் கடதாசியால் ஒட்டுங்கோ, வீட்டிலேயே ஆகத் துப்புரவான அறையில் ஆளைப் படுக்கவையுங்கோ, உடுப்புகளை வெளியில் காயப்போட்டால் புழுதி படும், உள்ளேயே காயப்போடுங்கோ என்று அடுக்கிக்கொண்டு போனேன். மனைவி கையோடு கொண்டுவந்த கொப்பியில் எல்லாவற்றையும் இலக்கம் போட்டு எழுதினார். அது எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது. என்னுடைய சொல்லைக் கொப்பியில் எழுதுகிற ஆட்கள் குறைவு.

பன்னிரண்டாம் நாள் மாஸ்டர் திரும்பி வந்தார். முட்டு. வாட்டில் ஐந்து நாள் வைத்திருந்தோம், நன்றாகிப் போனார். பத்து நாளில் மறுபடி வந்தார். மறுபடியும் ஐந்து நாள், நன்றாகிப் போனார். மூன்றாம் தரம் வந்தபோது நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த மனுசன் வாயில் வைத்து மருந்து இழுக்கிற பம்ப்பை ஒழுங்காக அடிப்பதில்லை. அதோடு ஒளித்து சிகரெட்டும் குடிக்கிறார்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு ஆதாரமும் இல்லை. அனுபவம் என்ற ஒன்று இருக்கிறதே, அது ஆதாரம் கேட்காது. பம்ப்பை வாங்கி மிச்சத்தைப் பார்த்தேன். அடிக்க வேண்டிய அளவு சரியாக அடிக்கப்பட்டிருந்தது. அப்போ காற்றில் அடித்துக் கணக்கைச் சரிக்கட்டுகிறார் என்று நினைத்தேன். மனைவியைத் தனியே கூப்பிட்டு, அவரின் சேட்டுப் பொக்கற்றுகளைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். பாவம், அந்த மனுசி தேடிவிட்டு அடுத்த நாள் வந்து, எல்லாப் பொக்கற்றிலும் கரும்பலகைச் சோக்கட்டித் துண்டுதான் கிடக்கு என்றார். நான் அவரின் நோய்க்குறிப்புக் கோவையில் ‘அறிவுறுத்தல்களைப் பின்பற்றுவதில்லை’ என்று எழுதினேன். கோவையில் எழுதிய வசனம் எவ்வளவு சீக்கிரம் உண்மையாகிவிடும் என்பதை நீங்கள் போகப்போகப் பார்ப்பீர்கள். அடுத்து வந்த இளம் டொக்ரர்மார் எல்லாரும் அந்த வரியை வாசித்துவிட்டுத்தான் மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவருக்கு ஊதிப் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று கொடுத்திருந்தோம். காலையும் பின்னேரமும் ஊதி, அளவைக் குறித்துவரச் சொல்லியிருந்தோம். எல்லாரையும் போல அவர் ஒரு துண்டில் கிறுக்கிக்கொண்டு வரவில்லை. வரைபுத்தாளில் கோடு கீறிக்கொண்டு வந்தார். வாட்டில் இருந்த நாட்கள் நீல மையில், வீட்டில் இருந்த நாட்கள் சிவப்பு மையில். நீலம் ஏறியது, சிவப்பு இறங்கியது. நடுவே மூன்று நாள் மட்டும் பச்சை. அந்த மூன்று நாளும் அவர் மயிலிட்டியில் தங்கச்சி வீட்டில் நின்றிருக்கிறார். தங்கச்சியின் மாமனாரின் செத்தவீடு. பச்சைக்கோடு நீலத்தைவிட மேலே நின்றது.

“செத்தவீட்டிலை சனம், சுருட்டுப் புகை, கடற்கரை மண். அங்கை ஏன் போனனீங்கள்?” என்று ஏசினேன்.

அவர் கோபிக்கவில்லை. விரலைப் பச்சைக்கோட்டில் வைத்துக்கொண்டு, “அதுதான் மிஸ்ஸி எனக்கும் விளங்கேல்லை. அங்கை நான் கொட்டிலிலை பாயிலை படுத்தனான். இரவு முழுக்கக் கடற்காத்து. ஆனால் அளவு ஏறியிருக்கு. இதுக்குள்ளை எங்கையோ ஒரு மாறி இருக்கு, நாங்கள் அதைக் கணக்கிலை எடுக்கேல்லை” என்றார்.

மாறி என்றால் கணிதத்தில் மாறிக்கொண்டிருக்கிற கணியம். எனக்கு அப்போது வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். தாளை வாங்கிக் கோவைக்குள் வைத்தேன். தலைகீழாக வைத்தேன் என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

நாலாம் தரம் வந்தபோது நிலைமை வேறு. முட்டு முன்னையைவிடக் கடுமை. ஸ்ரெரொயிட் குளிசையைக் கூட்ட வேண்டியதாகிவிட்டது. அதைக் கூட்டினால் சீனி ஏறும், ஏறியது. பெரிய டொக்ரர் மாஸ்டரையும் மனைவியையும் வைத்துக்கொண்டு, இப்படியே போனால் வகுப்பு எடுப்பதை நிற்பாட்ட வேண்டிவரும் என்று மெல்லச் சொன்னார். மாஸ்டர், கதிரையில் இருந்து படிப்பித்தால் பரவாயில்லையா என்று மட்டும் கேட்டார். அந்த முறை அவரிடம் படித்த பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது.

அன்றைக்குப் பெரிய டொக்ரர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “இஞ்சை அஞ்சு நாளிலை சுகமாகிறார். வீட்டிலை இல்லாத எதை நாங்கள் இஞ்சை குடுக்கிறம் சிஸ்ரர்?”

ஒழுக்கம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் கோவையைப் புரட்டி, தலைகீழாகக் கிடந்த தாளை எடுத்து நிமிர்த்திப் பார்த்தார். இதை யாராவது வாசித்தீர்களா என்று கேட்டார். வாசித்தேன் என்றேன். பொய். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். ஏசியிருந்தால் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன்.

மாஸ்டர் வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள், நானே ஒரு ஓட்டோ பிடித்துக் கரவெட்டிக்குப் போனேன். இதைக் கேட்டு, என்ன கடமையுணர்ச்சி என்று நினைக்காதேங்கோ. நான் போனது கள்ளனைப் பிடிக்க. வீட்டில் எங்கேயோ சிகரெட் பெட்டி ஒன்று இருக்கும், அதை எடுத்துப் பெரிய டொக்ரரின் மேசையில் வைத்தால் என் பொய்யும் மறைந்துவிடும் என்பதுதான் என் திட்டம்.

மாஸ்டரின் மனைவி என்னைக் கண்டதும் பதறிப்போய்க் கதிரை துடைத்தார். வரப்போறன் என்று சொல்லாமல் போயிருந்தேன், ஆனால் எதையும் ஒளிக்க வேண்டிய வீடாக அது இல்லை. கொப்பியில் எழுதிய என் புத்திமதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி அறைக் கதவில் ஒட்டியிருந்தார். பதினொன்று. ஒன்றுகூட விடுபடவில்லை.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு பழைய ஓட்டு வீடு. பக்கத்தில் ஒட்டினாற்போல, தட்டையான கொங்கிறீட் கூரையோடு புது அறை ஒன்று. மனைவியின் தம்பி சுவிஸிலிருந்து கட்டுவித்தது. வருடத்தில் பதினைந்து நாள் வந்து நிற்பதற்கு. உள்ளே சுவர் முழுக்க வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு அடித்து, ஆஸ்பத்திரியே வெட்கப்படும்படி பளபளவென்று இருந்தது. ஆகத் துப்புரவான அறையில் படுக்கவையுங்கோ என்று நான் சொன்னேன் அல்லவா, அந்த மனுசி அப்படியே செய்திருந்தார். யன்னல்கள் சாத்தி, இடுக்கெல்லாம் பேப்பர் ஒட்டியிருந்தது. அறைக்குக் குறுக்கே கயிறு கட்டி ஈர உடுப்புகள். மூலையில் சாம்பிராணி.

சாம்பிராணி எதற்கு, முட்டுக்காரருக்குப் புகை கூடாது என்று சொன்னேனே என்று பிடித்துக்கொண்டேன். மனைவி தலையைக் குனிந்தார். அறையில் ஒரு மாதிரி ஈர மணம் வருகிறது, அதற்காக அவர் குசினிப் பக்கம் போகும்போது மட்டும் கொஞ்சம் காட்டுகிறேன் என்றார். எப்போதிருந்து மணக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு வேறு அவசரம்.

மாஸ்டர் கட்டிலில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சும்மா பார்ப்பதுபோல மேசை லாச்சியைத் திறந்தேன். தலையணையைத் தூக்கினேன். பிறகு, சிகரெட் ஒளிக்க ஆக வசதியான இடம் என்று நினைத்து, அலுமாரிக்குப் பின்னால் கையை விட்டேன்.

கை ஈரமாகியது. வெளியில் எடுத்துப் பார்த்தேன். நாலு விரலும் கறுப்பு.

அலுமாரியை இழுத்தோம். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் தகடு வயிறு ஊதினமாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றது. கீழே விளிம்பில் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம். ஓட்டுக்கூரையும் கொங்கிறீட்டும் சேருகிற இடத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு பீலி. வேப்பிலை அடைத்து, மாரித்தண்ணீர் முழுக்கச் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. வெளியில் பார்த்தால் தெரியாது, உள்ளே பார்த்தாலும் தெரியாது, பளபளவென்ற தகடு இருக்கிறதே. பழைய வீடு என்றால் சுவரிலேயே கண்டிருப்பார்கள். இந்த அறையிலோ ஈரம் வெளியே போக ஒரு யன்னல்கூட இல்லை, அதை நான் ஒட்டுவித்திருந்தேன். போதாதற்கு நாள்தோறும் ஈர உடுப்பு, அதையும் நான்தான் போடுவித்தேன். தழும்புள்ள சுவாசப்பையோடு ஒரு மனிதர் நாளில் இருபது மணித்தியாலம் அதற்குள் படுத்திருந்தார்.

இந்த இடத்தில் ஒரு நல்ல தாதி என்ன செய்திருப்பாள்? ஆளை முதலில் வெளியில் கொண்டுபோயிருப்பாள். அறையைச் சாத்தியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோசப் புளுகத்தில், “இதைக் கழட்டிப் பாப்பம், முழுக்கப் பாப்பம்” என்று தகட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். மனைவியும் ஒரு பக்கம் பிடித்தார். மாஸ்டர் எழும்பி வந்து, தன்னுடைய மாறியைப் பார்க்கிற ஆவலில் எங்களுக்குப் பின்னால் நின்றார். தகடு படாரென்று கழன்று விழுந்தது. பின்னால் சுவர் கரடித் தோல் மாதிரி இருந்தது. மேற்பக்கம் காய்ந்துபோயிருந்த பூஞ்சணம் புகைபோல எழும்பி அறை முழுக்கப் பரவியது. நானே இருமினேன்.

திரும்பிப் பார்த்தேன். மாஸ்டர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. விசில் சத்தம்கூட இல்லை. முட்டுக்காரரின் நெஞ்சில் சத்தம் கேட்டால் பயப்படுவோம். சத்தம் நின்றுவிட்டால் அதைவிடப் பயப்பட வேண்டும். அது எனக்குத் தெரியும். அந்த ஒரு கணத்தில் முப்பது வருடப் படிப்பும் என் காலுக்குள் இறங்கிவிட்டது, அசைய முடியவில்லை.

மனைவிதான் முதலில் அசைந்தார். அவரைத் தோளோடு பிடித்தார். நானும் பிடித்தேன். இருவருமாக முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கதிரையில் முன்னுக்குச் சாய்த்து இருத்தினோம். பம்ப்பை வாயில் வைத்தால் உள்ளே இழுக்க அவருக்குப் பலம் இல்லை. அடித்த மருந்து அவ்வளவும் உதட்டிலேயே நின்றது. தண்ணீர்ப் போத்தல் ஒன்று கேட்டேன். அடியில் கத்தியால் ஓட்டை போட்டு, பம்ப்பை அதற்குள் செருகி, போத்தலின் வாயை அவரின் வாயில் வைத்தேன். ஒருதரம் அடிப்பது, மெல்ல ஐந்து மூச்சு எடுக்க விடுவது, மறுபடி அடிப்பது. இதை உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். ஆளின் மனைவி பக்கத்தில் நின்று பார்க்கச் செய்வதை ஒருவரும் படிப்பிப்பதில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து விட்டார். மாஸ்டரை நடுவில் இருத்திக்கொண்டு நானும் பின்னால் ஏறினால் பத்து நிமிடத்தில் ஆஸ்பத்திரி என்றார். நல்ல மனுசன். ஏற்றச் சொல்லி மனைவியும் அழுதார். நானும் ஏற்றத்தான் நினைத்தேன். ஏனென்றால் ஏற்றிவிட்டால் பொறுப்பு என் கையில் இருந்து போய்விடும். ஆனால் ஓடுகிற மோட்டார் சைக்கிளில் போத்தலும் பிடிக்க முடியாது, பம்பும் அடிக்க முடியாது. புழுதி வீதி வேறு. வழியில் மூச்சு நின்றால் நான் அவரை வயல்வரம்பில் இறக்கி வைத்துக்கொண்டு நிற்க வேண்டும்.

“இல்லை, ஏத்த வேண்டாம். அம்புலன்ஸுக்கு அடியுங்கோ. ஒட்சிசன் வேணும் எண்டு சொல்லுங்கோ” என்றேன்.

அது வருவதற்குள் எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. பிறகு பதினெட்டு நிமிடம் என்றார்கள். அந்தப் பதினெட்டு நிமிடமும் மனைவி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு நீலம். ஆனால் வலது கை மடியில் கிடந்து, நான் ஒவ்வொரு தரம் பம்ப் அடிக்கும்போதும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். எட்டாவது தரம் விரல் மடங்கியபோது நெஞ்சில் விசில் சத்தம் வந்தது. அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் எந்தக் கோயில் நாதஸ்வரத்திலும் கேட்டதில்லை.

மாஸ்டரை அவசரப் பிரிவில் விட்டுவிட்டு, கறுப்புக் கையோடு பெரிய டொக்ரரின் அறைக்குப் போனேன். யன்னல் சாத்தச் சொன்னது நான், உடுப்பை உள்ளே போடச் சொன்னது நான், தாளை வாசிக்காமல் வாசித்தேன் என்றது நான், இன்றைக்குத் தகட்டை இழுத்ததும் நான் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் எழும்பி, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, “முதல் கையைக் கழுவுங்கோ” என்றார். நான் கழுவி முடிக்கும்வரை நின்றார். பிறகு, “உதுகளை அப்பிடியே கோவையிலை எழுதுங்கோ. நீங்கள் கண்டுபிடிச்சதை மட்டும் எழுதிப்போட்டு விடாதேங்கோ” என்றார். முன்னர் நான் எழுதிய அந்த வரிக்குக் கீழே முக்கால் பக்கம் எழுதினேன். கையெழுத்து வைக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த வேலை அறையைத் திருத்துவது. சுவிஸ் தம்பி தொலைபேசியில் வந்தார். தான் பார்த்துப் பார்த்துக் கட்டிய அறையில் நோய் என்று ஒரு நேர்ஸ் சொல்வதா, அங்கே குளிரிலேயே தங்களுக்கு ஒன்றும் வரவில்லை, ஊரில் உள்ளவர்களுக்குப் பராமரிக்கத் தெரியாது என்று அரைமணி நேரம் விளங்கப்படுத்தினார். பூஞ்சணத்தைப் பற்றி அவருக்கு எனக்குத் தெரிந்ததைவிடக் கூடத் தெரிந்திருந்தது, ஒன்றைத் தவிர. அது அவரின் சுவரில் இருந்தது. அதுவரை தம்பிக்கு எதிர்த்து ஒரு சொல் சொல்லியிராத மாஸ்டரின் மனைவி, வாட்டு வாசலில் நின்றுகொண்டு, “தம்பி, உன்ரை அறை வடிவுதான். ஆனால் இவர் அதுக்குள்ளை சாகப் பாத்தவர். நான் தகட்டை முழுக்கக் கழட்டப்போறன்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

இந்த முறை ஒழுங்காகச் செய்தோம். மாஸ்டர் வீட்டுக்கே போகவில்லை, வாட்டிலிருந்து நேரே மயிலிட்டிக்குப் போனார். மேசன் முதலில் பீலியைத் துப்புரவாக்கி, தண்ணீர் இறங்குகிற வழியை அடைத்தார். அதற்குப் பிறகுதான் சுவரில் கை வைத்தார். முகத்தைக் கட்டிக்கொண்டு, சுவரை ஈரமாக்கித் தூசி எழும்பாமல் தகட்டையும் பழுதான பூச்சையும் கொத்தி எடுத்தார். மெத்தையை எறிந்தார்கள். யன்னல்களைத் திறந்து ஐந்து கிழமை காயவிட்டார்கள். அதற்குள் வீதிக்குத் தார் போட்டு முடிந்து, புழுதியும் போய்விட்டது. என்னுடைய பதினொரு புத்திமதிக்கும் காரணமாக இருந்த புழுதி.

மாஸ்டர் பூரண சுகமாகிவிட்டார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தலைப்புக்கும் பொருந்தும். ஆனால் தழும்பு தழும்புதான். பம்ப் இன்றைக்கும் அவரின் பொக்கற்றில், சோக்கட்டியோடு. ரியூட்டரியின் மேல்மாடிக்கு ஏறும்போது நடுவில் ஒருதரம் நிற்பார். ஆனால் குளிசையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம், சீனி இறங்கியது. அடுத்த மாரி முழுக்க வாட்டுப் பக்கம் வரவில்லை. மயிலிட்டியில் நின்ற இரண்டாம் மாதத்தில் இருந்தே பஸ் ஏறி நெல்லியடிக்கு வந்து, கதிரையில் இருந்து, ஒலிவாங்கி பிடித்து வகுப்பு எடுத்தார். அந்தப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

எனக்கு என்ன நடந்தது? ஆறு மாதம் கண்ட இடமெல்லாம் பூஞ்சணம்தான். விலா எலும்பு முறிந்து வந்தவரிடம்கூட உங்கள் வீட்டில் அலுமாரி எங்கே நிற்கிறது என்று கேட்டேன். அதுவும் ஒரு வருத்தம்தான், பெரிய டொக்ரர் பார்த்துச் சுகப்படுத்தினார். எல்லா இருமலுக்கும் சுவர் காரணம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் தேறி வீட்டில் விழுகிற நோயாளி வந்தால், அவரைக் குற்றம் சொல்ல முதல் அவர் எங்கே படுக்கிறார் என்று கேளுங்கோ. முடிந்தால் போய்ப் பாருங்கோ. சிகரெட் தேடிப் போனாலும் பரவாயில்லை.

பிறகு ஒருநாள் கிளினிக்கில் சனம் குறைந்த நேரம். மாஸ்டரும் மனைவியும் வந்திருந்தார்கள். நான் அவர்களைப் பழைய வாங்கில் இருத்தவில்லை, என் மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டேன். கோவையில் எழுதியதையெல்லாம் வாயாலும் சொன்னேன். என்னுடைய பிழை, என்னை மன்னிக்க வேணும் என்றேன்.

மனைவிதான் முதலில் வாய் திறந்தார். இரண்டாம் கிழமையே அறை மணந்தது, யன்னலைத் திறக்கட்டோ என்று கேட்கவென்றே ஒருநாள் கிளினிக்குக்கு வந்தேன், வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன் என்றார். ஏன் கேட்கவில்லை என்றேன். அவர் மாஸ்டரைப் பார்த்தார்.

மாஸ்டர் சிரித்தார். “நான் கரும்பலகையிலை கணக்கைப் பிழையாச் செய்தால், ஆரெண்டாலும் ஒரு பிள்ளை கையை உயர்த்தும் மிஸ்ஸி. அதாலைதான் நான் இவ்வளவு காலமும் தப்பினனான். நாங்கள் கையை உயர்த்தேல்லை. உங்களைப் பாக்கப் பயமா இருந்தது.”

நான் அதை முப்பத்தொரு வருடமாக மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.